.375-ஆ, .458-ஆ: வெட்டவெளிக்கும் புதர்க்காட்டுக்கும் ஒரே ரைஃபிள்

வட ஆஸ்திரேலியாவின் டார்வினில் குடியேறிவிட்ட என் அத்தை மகன் எருமை வேட்டைக்கென்று ஒரு ரைஃபிள் வாங்கப் போவதாகவும், .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம், .458 வின்செஸ்டர் மேக்னம் என்ற இரண்டு தோட்டாக்களில் (எண்கள் அங்குலத்தில் குண்டின் விட்டம்) எதைத் தேர்வது என்று தெரியாமல் நிற்பதாகவும் சொன்னதிலிருந்து, பினாங்குக்கும் டார்வினுக்கும் இடையே எங்கள் பேச்சு முழுவதும் இதைச் சுற்றியே ஓடியது. கடைக்காரர் ஒன்றைப் பரிந்துரைக்கிறார். உடன் வேட்டைக்குப் போகிறவர்கள் மற்றொன்றைச் சொல்கிறார்கள். இரு தரப்பும் எது அதிகம் அடிக்கும் என்ற கணக்கைத்தான் முன்வைக்கிறார்கள். எனக்கு அந்தக் கணக்கில் பெரிய ஈடுபாடு இல்லை. நிலம் எத்தனை மீட்டர் தூரத்தைக் கொடுக்கும், அந்தத் தூரம் சுடுகிறவருக்கு எவ்வளவு அவகாசம் கொடுக்கும், அந்த அவகாசத்துக்குள் விலங்கு எந்தப் பக்கம் திரும்பி நிற்கும் என்பவற்றை முதலில் தீர்த்துக்கொண்டால், தோட்டாவைப் பற்றிய முடிவு பாதிக்கு மேல் தானாகவே வந்துவிடும் என்பது என் எண்ணம்.

மலேசியாவில் இருக்கும்வரை இந்தக் கேள்வி யாருக்கும் எழாது. 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, காவல் துறையின் உரிமம் இல்லாமல் ஒற்றைத் தோட்டாவைக்கூட வீட்டில் வைத்திருக்க முடியாது. சட்டவிரோதத் துப்பாக்கிக்கு 1971ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கும் தண்டனையின் கடுமை ஊரறிந்தது. உரிமம் பெற்றவர்களிடமும் பெரும்பாலும் இருப்பது, செனாப்பாங் பாத்தா என்று இங்கே எல்லாரும் சொல்கிற, நடுவில் மடித்துத் தோட்டா போடும் 12 போர் ஷாட்கன்தான். கூலிம் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு இருக்கும் சிறிய செம்பனை நிலத்தில் காட்டுப்பன்றிகள் இளங்கன்றுகளைக் குருத்தோடு பெயர்த்துத் தின்னத் தொடங்கினால், வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் உரிமத்தோடு சித்தப்பா எடுத்துச் செல்வதும் அதைத்தான். செம்பனை வரிசைகளுக்கு நடுவே ஓரளவு தொலைவுக்குப் பார்வை கிடைக்கும். நிலத்தின் எல்லை தாண்டிப் பெலுக்கார் எனப்படும் புதர்க்காடு தொடங்கிவிட்டால் பத்து மீட்டர்கூடத் தெரியாது. ஒரே பன்றி, ஒரே துப்பாக்கி, ஆனால் வரிசைக்குள் சுடுவதும் பெலுக்காரின் விளிம்பில் சுடுவதும் வெவ்வேறு காரியங்கள் என்பதைச் சித்தப்பாவின் பின்னால் நடந்து நடந்துதான் நான் கற்றுக்கொண்டேன்.

பெரிய ரைஃபிள்களுக்கு இந்த நாட்டிலும் ஒரு காலம் இருந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் தோட்ட முதலாளிகளும் அதிகாரிகளும் பகாங் காடுகளில் செலாடாங் என்கிற காட்டு மாட்டையும் யானையையும் தேடிப் போனார்கள். அவர்களில் பேர்பெற்ற தியடோர் ஹப்பேக் பிற்காலத்தில் வனவிலங்குப் பாதுகாப்புக்கே தம்மை ஒப்புக்கொடுத்து, இன்று தாமான் நெகாரா என்று நாம் அறியும் பூங்கா 1930களின் இறுதியில் உருவாவதற்கு முக்கியக் காரணமானார். இன்று செலாடாங், யானை, புலி மூன்றும் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் முழுப் பாதுகாப்பில் உள்ளன. அது அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன்.

ஆஸ்திரேலியாவின் வடக்கில் எருமையின் கதை நேர் எதிரானது. அங்கே அது வெளியிலிருந்து வந்த விலங்கு. 1820களுக்கும் 1840களுக்கும் இடையில் மெல்வில் தீவிலும் கோபர்க் தீபகற்பத்திலும் ஆங்கிலேயர் அமைத்த குடியிருப்புகளுக்குத் திமோர் போன்ற தீவுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட எருமைகள், அந்தக் குடியிருப்புகள் கைவிடப்பட்டதும் காட்டுக்குள் புகுந்து பெருகின. கெடாவிலும் செபராங் பிறையிலும் இயந்திரங்கள் வருவதற்கு முன் நெல்வயல்களை உழுத அதே சதுப்பு எருமை வகைதான். அவை கூட்டமாகச் சேற்றில் புரண்டு, ஒரே தடத்தில் போய்வந்து உண்டாக்கும் வாய்க்கால்கள் வழியாகக் கடல்நீர் நன்னீர்ச் சதுப்புகளுக்குள் ஏறி, அங்கே நின்ற மரங்களையே பட்டுப்போக வைத்திருக்கிறது. கால்நடைகளின் காசநோயையும் புருசெல்லோசிஸ் நோயையும் ஒழிக்க 1970 முதல் 1997 வரை நடந்த தேசிய இயக்கத்தின்போது எருமைகள் பெருமளவில் சுட்டுக் குறைக்கப்பட்டன. ஆயினும் ஆர்ன்ஹெம் லேண்டில் இன்றும் அவை ஏராளம். அந்த நிலம் பழங்குடி மக்களுக்கு உரியது என்பதால் அனுமதிச் சீட்டு இல்லாமல் உள்ளே கால் வைக்க முடியாது. முதிர்ந்த கடா ஒன்று முக்கால் டன் அளவுக்கும் வளரும். ஆப்பிரிக்க எருமைக்கு நெற்றியை மூடி நிற்கும் கொம்புக் கவசம் இதற்குக் கிடையாது. ஆனால் உடலின் பருமனிலோ, காயம்பட்டால் காட்டும் மூர்க்கத்திலோ குறைத்து மதிப்பிடக்கூடிய விலங்கும் அல்ல.

மச்சான் போய்வரும் பகுதியில் நிலம் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. ஒரு பக்கம், மழைக்காலத்தில் ஏரியாகி, மே மாதத்துக்குப் பிறகு வற்றி, கரிய மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் வெள்ளச் சமவெளி. அங்கே ஓர் எருமையை ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தே பார்க்கலாம். காற்றின் போக்கைக் கணித்து நெருங்கினாலும், கடைசி மறைவு முடிகிற இடத்துக்கும் எருமைக்கும் இடையே நூறு மீட்டரோ நூற்றைம்பது மீட்டரோ மிஞ்சிவிடுகிறது. மறுபக்கம், அந்தச் சமவெளியின் ஓரமாகச் செல்லும் நீரோடைகள்: தாழைப் புதர்கள், நாம் கெலாம் என்று சொல்லும் மரத்தின் உறவினமான தோலுரியும் மரங்கள் நெருங்கி நிற்கும் சதுப்பு, கொடிகள் பின்னிய மழைக்காட்டுத் துண்டுகள். வெயில் ஏறியதும் முதிர்ந்த கடாக்கள் இவற்றுக்குள்தான் போய்ப் படுக்கும். உள்ளே பார்வைத் தூரம் இருபது மீட்டர் என்றால் அது பெரிய பாக்கியம். வெளிச் சமவெளியில் காலையில் பார்த்த கடாவைத் தேடி மத்தியானம் புதருக்குள் போகிறவர், ஒரே நாளில், ஒரே ரைஃபிளோடு, இரண்டு வேட்டைகளை ஆடுகிறார். இதுதான் மச்சானின் சிக்கலின் வேர்.

சென்ற முறை டார்வினுக்குப் போயிருந்தபோது, இரண்டு தோட்டாக்களையும் அவர் சமையலறை மேசையில் அருகருகே நிறுத்தி வைத்திருந்தார். .375 உயரமானது, வெடிமருந்தைத் தாங்கும் பித்தளை உறையின் நீளம் மட்டும் 72 மில்லிமீட்டர். அடியிலிருந்து மேலே போகப் போக மெலிந்துகொண்டே சென்று, தோள் என்று சொல்லத் தயங்கும் அளவுக்குச் சாய்வான ஒரு வளைவோடு கழுத்தாக முடிகிறது. .458 அதைவிடக் குட்டை, உறை 63.5 மில்லிமீட்டர்; தோளே இல்லாமல் கீழிருந்து மேல்வரை ஏறக்குறைய நேராக நின்று, முனையில் ஆள்காட்டி விரல் பருமனுக்கு ஒரு குண்டைத் தாங்குகிறது. இரண்டின் அடிப்பாகத்திலும் பித்தளையில் ஒரே மாதிரியான பட்டை ஓடுவதைத் தடவிப் பார்த்தால் உணரலாம். இரண்டும் ஒரே குடும்பம் என்பதற்கு அந்தப் பட்டையே சாட்சி: பழைய ஹாலண்ட் உறையைக் குட்டையாக்கி, வாயை அகலமாக்கியதுதான் .458.

1912இல் லண்டனின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் .375-ஐ வெளியிட்டபோது, வெப்ப நாடுகளில் கார்டைட் என்ற வெடிமருந்து உண்டாக்கும் அதிக அழுத்தத்திலும் உறை குழலறைக்குள் சிக்கிக்கொள்ளாமல் எளிதாக வெளிவர வேண்டும் என்பதற்காகவே அந்தச் சாய்வான வடிவம் அமைந்தது. தோளை நம்பி உறையை அறைக்குள் நிறுத்த முடியாததால் பட்டை தேவைப்பட்டது. பல ஆப்பிரிக்க நாடுகள் ஆபத்தான விலங்குகளின் வேட்டைக்கு .375 அளவையே கீழ்வரம்பாக வைத்திருப்பதால், நூறு ஆண்டுகளைத் தாண்டியும் இந்தத் தோட்டா உலகின் எந்த மூலையிலும் கடையில் கிடைக்கிறது. அந்த நிறுவனமே 1907இல் .465 என்ற வினோதமான அளவை உருவாக்கியதற்கும் இந்தியாவில் ஒரு காரணம் உண்டு. .450 அளவுக் குண்டுகள் கலகக்காரர்களின் கையிலிருந்த பழைய மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகளுக்கு உதவிவிடும் என்று அஞ்சிய ஆங்கிலேய அரசு, இந்தியாவிலும் சூடானிலும் அந்த அளவைத் தடைசெய்தது; .465, .470, .475 என்று ஒரு கூட்டமே பிறந்தது அதனால்தான். பெரிய தோட்டாக்களின் பெயர்ப்பட்டியல் ஏன் இவ்வளவு குழப்பமாக இருக்கிறது என்று கேட்கிறவர்களுக்கு இதை நான் சொல்வது வழக்கம்.

.458-இன் பிறப்பு 1956. இரட்டைக்குழல் ஆங்கில ரைஃபிள்கள் சாதாரண வேட்டைக்காரரின் கைக்கு எட்டாத விலையில் இருந்த காலத்தில், அவற்றின் .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் தோட்டா தரும் வலிமையை, கையால் போல்ட்டை இழுத்துத் தோட்டா ஏற்றும், சாதாரண நீளமுள்ள போல்ட் ரைஃபிளிலேயே தருவதாக அமெரிக்காவின் வின்செஸ்டர் முன்வந்தது. 500 கிரெயின், அதாவது 32.4 கிராம் எடையுள்ள குண்டு விநாடிக்கு 2,100 அடிக்கு மேல் போகும் என்றார்கள். சோதனைக் குழலில் கிடைத்த அந்த வேகம் வேட்டைக்காரர்களின் குட்டையான குழல்களில் கிடைக்கவில்லை. குட்டை உறைக்குள் மருந்தை அமுக்கித் திணித்திருந்ததால், காலப்போக்கில் அது கட்டிப்பட்டுச் சரியாக எரியாமல் போவதாகவும் ஆப்பிரிக்காவிலிருந்து முறையீடுகள் கிளம்பின. மொசாம்பிக்கில் 1959இல் ஓர் எருமையிடம் அடிபட்டுப் பிழைத்த ஜாக் லாட் என்பவர், ஹாலண்ட் உறையின் முழு நீளத்தையும் பயன்படுத்தி .458 லாட் என்ற தோட்டாவைப் பின்னர் உருவாக்கினார். இன்றைய மருந்துகளில் அந்தப் பழைய கோளாறு தீர்ந்துவிட்டது, ஆயினும் .458 வின்செஸ்டரின் நடைமுறை வேகம் விநாடிக்கு 2,050 முதல் 2,150 அடிக்குள் என்று வைத்துக்கொண்டு பேசுவதே நியாயம்.

இப்போது சமவெளிக்கு வருவோம். 300 கிரெயின் குண்டை விநாடிக்கு ஏறத்தாழ 2,530 அடி வேகத்தில் அனுப்பும் .375-ஐ, 100 மீட்டரில் நேராகப் படும்படி திருத்திவைத்தால், 200 மீட்டரில் அது ஏறத்தாழ பதினைந்து சென்டிமீட்டர் தாழ்ந்து படும். அதே முறையில் திருத்திய .458 இருபத்தைந்து சென்டிமீட்டர் அளவுக்குத் தாழும். தாளில் பார்த்தால் இந்த வேறுபாடு அரைச் சாண் அளவுதான். ஆனால் எருமையின் இதயம் மார்பின் அடியில், முன்கால்களுக்கு நடுவே, மிகத் தாழ்வாக இருக்கிறது. அங்கே குறிவைத்த குண்டு ஒரு சாண் தாழ்ந்தால் காலையோ வெறும் மண்ணையோதான் தொடும். தாழ்வை ஈடுகட்ட உயர்த்திக் குறிவைக்கலாம் என்பார்கள். கானல் அலையாடும் வெள்ளச் சமவெளியில், வெயிலில் மூன்று மணி நேரம் குனிந்தும் ஊர்ந்தும் வந்தவருக்கு, எதிரில் நிற்பது 130 மீட்டரா 180 மீட்டரா என்று சரியாகச் சொல்வது எவ்வளவு கடினம் என்பதை அங்கே நின்று பார்த்தால்தான் தெரியும். தூரமானி கையில் இருந்தாலும், அதைக் கண்ணுக்குக் கொண்டுபோகும் அசைவிலேயே கூட்டம் தலைதூக்கிவிடும். தூரக் கணிப்பில் வரும் தவறை .375 ஓரளவு பொறுத்துக்கொள்கிறது; .458 பொறுத்துக்கொள்வதில்லை. வெளிநிலத்தைப் பொறுத்தவரை இதற்கு மேல் விவாதம் தேவையில்லை.

புதர்க்காட்டில் கணக்கு வேறு. பதினைந்து மீட்டரில் எந்தக் குண்டும் நேராகவே போகும். அங்கே கோணம்தான் எல்லாம். சமவெளியில் எருமை பக்கவாட்டில் திரும்பும்வரை காத்திருக்கலாம். தாழைப் புதருக்குள் அது எழுந்து நிற்கும் நிலையில்தான் சுட்டாக வேண்டும். பெரும்பாலும் அது நேர் எதிராகவோ, முக்கால்வாசி பின்புறம் காட்டியோ நிற்கும். பின்சாய்வான கோணத்தில் இதயத்தை அடைய வேண்டுமானால், ஈரப் புல் நிறைந்த இரைப்பையை முழுவதும் கடந்து குண்டு போக வேண்டும். அதைப் போலக் குண்டின் வேகத்தைக் குடிக்கும் பொருள் எருமையின் உடலில் வேறில்லை. இங்கே .458-இன் 500 கிரெயின் குண்டுக்கு உண்மையான சாதகம் உண்டு. அதன் குறுக்குப்பரப்பு .375-ஐப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. எடை ஒன்றேமுக்கால் மடங்குக்குச் சற்றுக் குறைவு. தோள் எலும்பை உடைத்தபின்னும் நேர்கோட்டில் தொடர்ந்து போகும் குணத்துக்காகத்தான், காயம்பட்ட விலங்கைத் தேடிப் புதருக்குள் போவதையே தொழிலாகக் கொண்ட வழிகாட்டிகள் பலர் இந்த அளவையோ இதற்கு மேற்பட்டதையோ கையில் வைத்திருக்கிறார்கள்.

பெரிய, மெதுவான குண்டு கிளைகளையும் கொடிகளையும் முறித்துக்கொண்டு நேராகப் போகும் என்று சொல்லித்தான் மச்சானிடம் பலர் .458-ஐப் பரிந்துரைத்தார்கள். இதை நான் ஏற்கவில்லை. விரல் பருமனுள்ள கிளையில் பட்டால் எந்தக் குண்டும் திசை மாறும். எவ்வளவு மாறும் என்பது கிளையில் எப்படிப் பட்டது, கிளைக்கும் விலங்குக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்தது. விலங்கை ஒட்டியிருக்கும் கிளையால் பெரிய தீங்கில்லை. சுடுகிறவருக்கு அருகில் இருக்கும் கிளை எல்லாவற்றையும் கெடுத்துவிடும். இடைவெளி தெரியாத இடத்தில் சுடக்கூடாது என்ற விதிக்கு எந்தத் தோட்டாவும் விலக்கு வாங்கித் தராது.

தோட்டாவின் பேச்சில் பலரும் மெல்லக் கடந்துபோகும் இடம் பின்னுதை. ஒன்பது பவுண்டு எடையுள்ள ரைஃபிளில், பரவலாகப் பயன்படும் நடுத்தர வேட்டைத் தோட்டாவான .30-06 தரும் உதை 20 அடி-பவுண்டு அளவு என்றால், .375 தருவது நாற்பதை ஒட்டி வரும்; .458 அறுபதைத் தாண்டும். எண்கள் இப்படித்தான் சொல்லும். டார்வினுக்கு வெளியே ஒரு சுடுதளத்தில் மச்சான் நண்பரொருவரின் .458-ஐச் சுட்டதைப் பக்கத்தில் நின்று பார்த்தபோது, எண்கள் சொல்லாத ஒன்று தெரிந்தது. முதல் சில குண்டுகளை அவர் நன்றாகவே சுட்டார். தோளை அழுத்தி, மூச்சை விட்டு, விசையை மெதுவாக இழுத்தார். அதற்குப் பிறகு அந்த நண்பர், அவருக்குத் தெரியாமல், தோட்டாக்களுக்கு நடுவே மருந்தில்லாத போலித் தோட்டா ஒன்றைக் கலந்து கொடுத்தார். மச்சான் விசையை இழுத்தபோது 'டிக்' என்ற ஒலி மட்டும் வந்தது. ஆனால் குழலின் முனை ஒரு கையளவு கீழே குத்தியது, இடது கண் இறுக மூடியிருந்தது, வலது தோள் முன்னால் பாய்ந்திருந்தது. வரப்போகும் உதையை எதிர்பார்த்து உடம்பே செய்த காரியம் அது. மனம் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் தோளுக்கு அது தெரியாது. .375-இல் இதே சோதனையைச் செய்தபோது முனை அசைந்தது, ஆனால் குத்தவில்லை. சில வாரப் பயிற்சியில் அந்த அசைவும் அடங்கிவிட்டதாகப் பின்னர் தொலைபேசியில் சொன்னார்.

மேசையில் ஆற்றலை ஒப்பிடுகிறவர்கள் இந்த 'டிக்'கைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆண்டுக்கு ஒரு பருவம் மட்டுமே காட்டுக்குப் போகிற, மற்ற நாள்களில் மின்வேலை பார்க்கிற ஒருவர், .458-ஐப் பழக்கத்தில் வைத்திருப்பதற்குத் தேவையான அளவு தோட்டாக்களைச் சுடப் போவதில்லை. தோளும் விடாது, பணப்பையும் விடாது. சரியான இடத்தில் பட்ட .375 செய்யும் வேலையை, ஒரு சாண் தள்ளிப்பட்ட .458 செய்யாது. புதர்க்காட்டில்கூட, இரண்டாவது குண்டை எவ்வளவு விரைவாகவும் சரியாகவும் சுட முடிகிறது என்பது முதல் குண்டின் பருமனைவிட முக்கியமாகிவிடும் தருணங்கள் உண்டு. உதை குறைந்த ரைஃபிள் அங்கேயும் முந்திக்கொள்ளும்.

இன்னொரு செய்தி. .375-க்குப் புதரில் ஆழம் போதாது என்ற குறை பெருமளவுக்குப் பழைய காலத்துக் குண்டுகளைப் பற்றியது. ஈய உள்ளீடும் மெல்லிய செப்பு உறையும் கொண்ட அன்றைய மென்முனைக் குண்டுகள், எலும்பில் பட்டால் உறை வேறு ஈயம் வேறாகச் சிதறிப்போவது உண்டு. உள்ளீட்டை உறையோடு பற்றவைத்த குண்டுகளும், முழுக்கச் செம்பினாலேயே செய்து முனை மட்டும் விரியும் குண்டுகளும் வந்தபின் நிலைமை மாறிவிட்டது. 300 கிரெயினில் இத்தகைய குண்டு, எடையை இழக்காமல், முக்கால்வாசிக் கோணங்களிலும் உயிர்நிலையை எட்டிவிடுகிறது. மிகக் கடினமான கோணங்களுக்கு விரியாத திடக்குண்டு இருக்கிறது. ஆனால் அதைச் சமவெளியில் கூட்டத்துக்கு நடுவே பயன்படுத்தக் கூடாது, ஏனென்றால் ஓர் எருமையைத் துளைத்து வெளியேறி அதற்குப் பின்னால் நிற்கும் பெண் எருமையையோ கன்றையோ காயப்படுத்திவிடும். அதனால் தோட்டாப் பையில் இரண்டையும் தனித்தனி இடத்தில், கண்ணால் பாராமலே கை அறியும்படி வைக்க வேண்டும். பல .375 ரைஃபிள்கள் வெவ்வேறு வகைக் குண்டுகளையும் ஏறக்குறைய ஒரே இடத்தில் போடுகின்றன என்ற பழைய நற்பெயர் இங்கே கைகொடுக்கிறது. இருந்தாலும் சொந்த ரைஃபிளில் சுட்டுப் பார்க்காமல் நம்பக் கூடாது.

வெப்பத்தைப் பற்றியும் கேட்டிருந்தார். வண்டியின் முன்பலகையில் வெயிலில் கிடந்த தோட்டாவில் அழுத்தம் ஏறும் என்பது உண்மை. ஆஸ்திரேலியாவின் முல்வாலாவில் தயாராகும் மருந்துகளில் சில, வெப்பநிலை மாற்றத்தால் அதிகம் பாதிக்கப்படாதவை என்று உலகெங்கும் பெயர் எடுத்தவை. அவற்றைப் போட்ட தோட்டாவாக இருந்தாலும் நிழலில் வைப்பதே முறை.

நடுவில் .416 ரிக்பியையோ .416 ரெமிங்டனையோ எடுத்தால் என்ன என்ற கேள்வி கட்டாயம் வரும். 400 கிரெயின் குண்டு, விநாடிக்கு 2,400 அடியை ஒட்டிய வேகம்: இரண்டு நிலங்களுக்கும் தாளில் மிக அழகான விடை. உதையும் தோட்டாவின் விலையும் .458 பக்கம் சாய்ந்திருப்பதால், எங்கள் மச்சானுக்கு அது பொருந்தவில்லை. அடிக்கடி சுடுகிறவர்கள் தாராளமாக எடுக்கலாம்.

.375-க்கு எதிராக நியாயமாகச் சொல்லக்கூடிய குறை ஒன்றுண்டு. அதன் நீண்ட உறைக்கு நீண்ட போல்ட் வேண்டும். .458 சாதாரண நீளத்தில் அடங்கும் என்பதால் அதற்கான ரைஃபிள்கள் சற்றுக் கச்சிதமாகவும் பல நேரங்களில் மலிவாகவும் கிடைக்கின்றன. நீண்ட போல்ட்டை முழுவதும் பின்னுக்கு இழுக்காமல் பாதியிலேயே முன்னே தள்ளிவிடுவதும் பதற்றத்தில் நடக்கிற ஒன்று. பயிற்சி இதற்கும் தேவை. உறையின் விளிம்பைத் தொடக்கத்திலிருந்தே கவ்விப் பிடித்துக்கொண்டு அறைக்குள் தள்ளும் பழைய மௌசர் வகைப் பிடிப்பான் உள்ள ரைஃபிளைத்தான் பார்க்கச் சொன்னேன். குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பில் பெருக்கம் ஒன்று அல்லது ஒன்றரையில் தொடங்க வேண்டும். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் இடையே தாராளமான இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் புருவத்தில் தையல் போட வேண்டிவரும். புதருக்குள் நுழையும் முன் பெருக்கத்தைக் கடைசிவரை குறைத்துவிடுவது பழக்கமாக வேண்டும். இவ்வளவு பேசியதில் மச்சான் உடனே ஏற்றுக்கொண்டது இந்த ஒன்றைத்தான். புருவத் தையல் உள்ள நண்பர் ஒருவர் அவருக்கு ஏற்கெனவே இருந்தார்.

கடைசியில் அவர் வாங்கியது .375. தோளில் உதைக்கும் கட்டையின் நீளம் அவருக்குச் சற்று அதிகமாக இருந்ததால் அதை வெட்டிக் குறைத்து, தடித்த ரப்பர் திண்டு போட்டிருக்கிறார்கள். 100 மீட்டரில் குண்டு ஐந்து சென்டிமீட்டர் உயரத்தில் படும்படி திருத்தச் சொன்னேன். அப்படித் திருத்தினால் இருபது மீட்டரிலும் நூற்றெண்பது மீட்டரிலும் ஏறத்தாழ குறிவைத்த இடத்திலேயே படும். இடையில் எந்தத் தூரத்திலும் அந்த ஐந்தாறு சென்டிமீட்டருக்கு மேல் விலகாது. ஆக, சமவெளிக்கும் தாழைப் புதருக்கும் ஸ்கோப்பைத் தொடவே வேண்டாம். காயம்பட்ட கடா புதருக்குள் போய்விட்டால் தாமே முன்னால் போகாமல், .458 வைத்திருக்கும் வழிகாட்டியை முன்னே விட்டுப் பின்னால் வலப்பக்கமாக நிற்பதென்றும் பேசி முடித்திருக்கிறார்கள். இனி அவருக்கு மிஞ்சியிருப்பது, மேசையின் துணையில்லாமல் நின்றபடியும், மூன்று கோல்களைக் கட்டிய தாங்கியில் வைத்தும், ஓட்டமாக வந்து மூச்சிரைக்க நின்றும் சுட்டுப் பழகுவதுதான். வறண்ட பருவம் தொடங்க இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. அனுமதிச் சீட்டுக்கான விண்ணப்பத்தைப் போன வாரம் கொடுத்துவிட்டார்.